பைன் ரிட்ஜ் கத்தோலிக்கப் பள்ளியில் தன்னார்வலராகச் சேர்வது: முதல் குளிர்காலம் தாண்டும்வரை என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

வைகைக்கரை:
தெற்கு டக்கோட்டாவின் பைன் ரிட்ஜில் உள்ள கத்தோலிக்கப் பள்ளியில் ஆகஸ்டிலிருந்து ஓராண்டுத் தொண்டு. கிரீன் கார்டும் கார் ஓட்டும் உரிமமும் உண்டு. பனியில் ஓட்டிப் பழக்கமில்லை. வீடு, வண்டி, வகுப்பு, சடங்குகள் என்று தனித்தனியாகச் சொன்னால் நல்லது. பள்ளிப் பேருந்து ஓட்டச் சொல்வார்கள் என்கிறார்களே, அது உண்மையா? இந்தியாவிலிருந்து நேரடியாக வர நினைக்கும் ஒரு தங்கைக்கும் இந்த இழையைக் காட்ட வேண்டும்.

மேட்டுப்புல்:
வாங்க தம்பி. பெட்டி கட்டுவதற்கு முன்னால் வரலாற்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அது தெரியாமல் வருகிறவர்கள்தான் முதல் மாதத்திலேயே தடுக்கி விழுகிறார்கள்.

பைன் ரிட்ஜ் ஓக்லாலா லகோட்டா என்னும் பூர்வகுடி மக்களின் நிலம். சுமார் 9000 சதுர கிலோமீட்டர். அங்கே இயேசு சபையினர் 1888இல் புனித செபமாலை மிஷனைத் தொடங்கினார்கள். 'கறுப்பு அங்கிக்காரர்கள்' வந்து பள்ளி நடத்தட்டும் என்று கேட்டவர் மக்பியா லூத்தா, அதாவது சிவப்பு மேகம் என்ற தலைவர். 1909இல் இறந்த அவருடைய கல்லறை அந்த வளாகத்தின் கல்லறைத் தோட்டத்திலேயே இருக்கிறது. பள்ளியும் இப்போது அவருடைய லகோட்டாப் பெயரைத்தான் சூடியிருக்கிறது.

அதே பள்ளி 1980 வரை விடுதிப் பள்ளியாகவும் இருந்தது. அமெரிக்கா முழுவதும் அந்த விடுதிப் பள்ளிகளில் பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்தார்கள், முடியை வெட்டினார்கள், தாய்மொழி பேசினால் தண்டித்தார்கள். இதைப் பற்றி அமெரிக்க உள்துறை அமைச்சகத்தின் விசாரணை அறிக்கை 2022இல் வந்தது. 2024 ஜூனில் அமெரிக்க ஆயர்களும், அதே ஆண்டு அக்டோபரில் அப்போதைய ஜனாதிபதி பைடனும் மன்னிப்புக் கேட்டார்கள். பள்ளியும் தன் பங்குக்கு உண்மையைத் தேடும் பணியை எடுத்திருக்கிறது.

இதனால் அன்றாடத்தில் என்ன மாறும்? பெற்றோர் சந்திப்புக்கு ஒரு பாட்டி வரவில்லை என்றால் அதை அக்கறையின்மை என்று எழுதிவிடாதீர்கள். அந்தக் கட்டடத்துக்குள் கால் வைக்கவே அவருக்கு மனம் வராமல் இருக்கலாம். வாசலில், காரில், அவர் வீட்டில் என்று சந்திக்கும் இடத்தை அவரே சொல்லட்டும். யாராவது விடுதிக் காலத்தைப் பற்றிப் பேசினால் குறுக்கிடாமல் கேளுங்கள். "நல்ல குருக்களும் இருந்தார்களே" என்று அப்போது ஆரம்பிக்கக் கூடாது. அது உண்மையாகவே இருந்தாலும் அந்த நேரத்தில் உங்கள் வாயிலிருந்து வர வேண்டியதில்லை.

வேர்ச்சொல்:
சொல் விஷயத்தையும் சேர்த்துவிடுகிறேன். தமிழில் பழகிப்போன 'செவ்விந்தியர்' என்ற சொல்லை வீட்டுக்கு எழுதும் கடிதத்தில்கூட விட்டுவிடுங்கள். லகோட்டா என்றே எழுதலாம். 'சூ' (Sioux) என்பது அவர்களுக்கு வெளியார் வைத்த பெயர். அரசு ஆவணங்களில் இருக்கும், பேச்சில் வேண்டாம். நீங்கள் "நான் இந்தியன்" என்று அறிமுகம் செய்துகொண்டால் பிள்ளைகள் குழம்புவார்கள். அவர்களில் பலர் தங்களையும் அந்தச் சொல்லாலேயே குறிப்பிடுவார்கள். "இந்தியா என்ற நாட்டிலிருந்து வந்தேன், என் மொழி தமிழ்" என்று சொல்லுங்கள். அடுத்த கேள்வி "தமிழில் ஏதாவது சொல்லுங்கள்" என்பதாகத்தான் இருக்கும். பதிலுக்கு ஒரு லகோட்டாச் சொல்லைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

விசாவாசல்:
தங்கைக்கான பதில் இது. சம்பளம் இல்லாத தொண்டுக்கு பி-1 என்னும் தற்காலிகப் பார்வையாளர் விசாவில் ஒரு வழி இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற மத அல்லது அறநிறுவனத்தின் தொண்டுத் திட்டமாக இருக்க வேண்டும். விண்ணப்பிப்பவர் அந்த நிறுவனத்தோடு தொடர்புடைய உறுப்பினராக இருக்க வேண்டும். தங்குமிடம், உணவு போன்ற செலவுக்கான படி மட்டுமே வாங்கலாம். பொருள் விற்பதும் நன்கொடை திரட்டுவதும் கூடாது. நிறுவனம் தரும் கடிதத்தில் பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர், சொந்த நாட்டு நிரந்தர முகவரி, முதலில் போய்ச் சேரும் இடத்தின் முகவரி, எவ்வளவு காலம் என்ற ஆறும் கட்டாயம். இதில் ஒன்று விடுபட்டாலும் நேர்காணலில் இழுத்தடிப்புத்தான். துறவியராக வருபவர்களுக்கு ஆர்-1 என்னும் மதப் பணியாளர் விசா. முதலில் 30 மாதம் வரை, மொத்தம் 5 ஆண்டு. எந்த வகை என்பதைப் பள்ளி எழுத்தில் உறுதி செய்யும்வரை பயணச்சீட்டு எடுக்க வேண்டாம்.

பின்னணிச் சோதனை எல்லாருக்கும் உண்டு: கைரேகை, சிறார் பாதுகாப்புப் பயிற்சி, பரிந்துரைக் கடிதங்கள். இந்தியாவில் வாழ்ந்த காலத்துக்குக் காவல்துறைச் சான்றிதழைக் கடவுச்சீட்டு அலுவலகம் வழியாக முன்பே வாங்கி வையுங்கள். காசநோய்ச் சோதனை முடிவும் கையில் இருக்கட்டும். காசநோய்த் தடுப்பூசியான பிசிஜி போட்டவர்களுக்குத் தோல் சோதனை தவறாக 'உண்டு' என்று காட்டலாம். அதனால் இரத்தச் சோதனையையே கேளுங்கள்.

அடுப்படி:
வீட்டுப் பக்கம் நான் சொல்கிறேன். தன்னார்வலர்கள் நாலைந்து பேர் ஒரே வீட்டில் இருப்பது வழக்கம். இழுவை வீடாகவும் (டிரெய்லர்) இருக்கலாம்.

சூடேற்ற புரோப்பேன் வாயு. தொட்டியில் 80 சதவீதத்துக்கு மேல் நிரப்ப மாட்டார்கள், வெயிலில் வாயு விரிய இடம் வேண்டும் என்பதால். மானி 30ஐத் தொட்டதும் சொல்லி அனுப்பிவிடுங்கள். 10 வரை காத்திருந்து, அதற்குள் பனிப்புயல் வந்து பாதை அடைபட்டால் வண்டி வர முடியாது. தொட்டிக்குப் போகும் தடத்தில் பனியை அள்ளி வைப்பது உங்கள் வேலை. வாயு வாடை வந்தால் சுவிட்சைத் தொடாமல் வெளியே போய்விட்டுத்தான் தொலைபேசி. கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவிக்கு முதல் நாளே புது பேட்டரி போடுங்கள்.

தண்ணீர்க் குழாய் உறைவது அடுத்த தொல்லை. இழுவை வீட்டின் அடிப்பக்கத்தைச் சுற்றியிருக்கும் தடுப்புத் தகடுகளில் ஓட்டை இருக்கிறதா என்று அக்டோபரிலேயே பாருங்கள். குழாயில் சுற்றியிருக்கும் சூட்டு நாடாவுக்கு மின்சாரம் வருகிறதா என்றும் பாருங்கள். மைனஸ் 20 செல்சியஸ் என்று வானிலை சொன்னால் அன்று இரவு குழாயை மெல்லிய நூலாக ஓட விட்டு, பாத்திரம் கழுவும் தொட்டிக்கடியில் இருக்கும் அலமாரிக் கதவுகளைத் திறந்து வையுங்கள். உறைந்துவிட்டால் குழாயைத் திறந்து வைத்துவிட்டு, முடி உலர்த்தியால் குழாய் வாயிலிருந்து ஆரம்பித்து உள்நோக்கிச் சூடாக்குங்கள். நடுவில் சூடாக்கினால் உருகிய நீரும் ஆவியும் வெளியேற வழியின்றிக் குழாய் வெடிக்கும். நெருப்பு காட்டவே கூடாது.

எலிப் புழுக்கையைக் கண்டால் துடைப்பத்தை எடுக்காதீர்கள். ஹாண்டா வைரஸ் தூசியோடு மூச்சில் ஏறும். ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து நனையத் தெளித்து, 5 நிமிடம் ஊறவிட்டு, கையுறையோடு காகிதத் துண்டால் துடைத்து எடுங்கள். இதெல்லாம் ஜன்னலை அரைமணி நேரம் திறந்து வைத்த பிறகுதான்.

சமையல்: ஊர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1000 மீட்டர் உயரம். தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நேரமாகும். குக்கர் கொண்டு வாருங்கள். பெருங்காயம், புளி, மிளகாய்த்தூள் எல்லாம் ஆறு மாதத்துக்கு. பெரிய கடைகளுக்கு ராப்பிட் சிட்டிதான்; ஒரு வழிக்குச் சுமார் இரண்டு மணி நேரம்.

வைகைக்கரை:
நன்றி அக்கா. கார்? நான்கு சக்கர இழுவை வண்டி வாங்கினால் போதுமா?

ஏர்பிரேக்:
போதாது. நான்கு சக்கர இழுவை என்பது வண்டியைக் கிளப்ப உதவும், நிறுத்த உதவாது. பனியில் நிறுத்துவது டயர். 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சாதாரண டயரின் ரப்பர் விறைத்துப்போகும். முன்சக்கர இழுவைச் சின்னக் காரில் நல்ல குளிர்கால டயர் நான்கு போட்டால், கோடை டயர் போட்ட பெரிய வண்டியைவிட அது பாதுகாப்பு. இரண்டு டயர் மட்டும் மாற்றுவது ஆபத்து, வளைவில் வால் சுழலும்.

மேட்டுப்புல்:
இதில் கொஞ்சம் மாறுபடுகிறேன் ஏர்பிரேக் அண்ணே. தார்ச் சாலையில் நீங்கள் சொல்வது சரி. பிள்ளைகளின் வீடுகளுக்குப் போகும் மண் தடங்களில் மார்ச், ஏப்ரலில் பனி உருகும்போது களிமண் சக்கரத்தில் அப்பி உருண்டையாகிவிடும். அங்கே வண்டியின் வயிற்றுக்கும் தரைக்கும் உள்ள உயரமே முக்கியம். சின்னக் கார் தரை தட்டி நின்றுவிடும்.

ஏர்பிரேக்:
ஒப்புக்கொள்கிறேன். சேற்றுக் காலத்துக்கு என் பதில் வேறு: காலை ஆறு மணிக்கு, மண் இறுகியிருக்கும்போது போய்விட்டு, வெயில் ஏறுமுன் திரும்பிவிடுங்கள்.

மற்றவை: குளிர்விப்பு நீர்மம் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தால் மைனஸ் 37 வரை தாங்கும். கண்ணாடி கழுவும் நீர் மைனஸ் 29க்கானது என்று எழுதியிருப்பதை வாங்குங்கள்; கோடை நீர் கண்ணாடியிலேயே உறைந்து பார்வையை மறைத்துவிடும். என்ஜினைச் சூடாக்கும் மின்கருவி இருந்தால் கிளம்புவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு சொருகினால் போதும், இரவு முழுக்க வேண்டாம். எரிபொருள் எப்போதும் பாதித் தொட்டிக்கு மேல். பின்பெட்டியில் கம்பளி, மண்வாரி, ஒரு மூட்டை மணல், இழுவைக் கயிறு, டார்ச், உலர் உணவு.

சிக்கிக்கொண்டால் வண்டியை விட்டு இறங்கி நடக்காதீர்கள். தரையோடு வீசும் பனியில் பத்தடி தள்ளி நின்றாலே உங்கள் வண்டி கண்ணுக்குத் தெரியாது. மணிக்குப் பத்து நிமிடம் என்ஜினை ஓட விடுங்கள். ஒவ்வொரு முறையும் அதற்கு முன் புகைக்குழாயின் வாயில் அடைத்த பனியை வாரிவிட்டு, காற்று வராத பக்கத்து ஜன்னலை விரற்கடை அளவு இறக்குங்கள்.

இரவில் ஓட்டுவதாக இருந்தால் குதிரை, மாடு, மான் மூன்றும் சாலையில் நிற்கும். விளக்கு வெளிச்சத்தில் கண் மின்னும் என்று நம்பியிருக்காதீர்கள். உடம்புதான் திடீரென்று தெரியும்.

வைகைக்கரை:
பேருந்து?

ஏர்பிரேக்:
கேட்பார்கள், உண்மைதான். ஓட்டுநர் பற்றாக்குறை எப்போதும் உண்டு, காலை மாலை பேருந்து ஓடாவிட்டால் பள்ளியே இல்லை. வணிக உரிமம் பி வகுப்பு, அதோடு பயணிகள், பள்ளிப் பேருந்து என்ற இரண்டு கூடுதல் அனுமதிகள். முறை இப்படி: மருத்துவச் சான்று, எழுத்துத் தேர்வுகள் (பொது, காற்று பிரேக், பயணிகள், பள்ளிப் பேருந்து), கற்போர் அனுமதி, பதிவு பெற்ற பயிற்சியாளரிடம் தொடக்கநிலைப் பயிற்சி (2022 பிப்ரவரியிலிருந்து கட்டாயம்), அனுமதி வாங்கி 14 நாள் கழிந்த பிறகு ஓட்டுத் தேர்வு. ஜூலையிலேயே கையேட்டைப் படித்து முடித்தால் செப்டம்பரில் ஓட்டலாம்.

தேர்வில் ஆட்கள் தோற்பது சாலையில் இல்லை, காற்று பிரேக் சோதனையில். எண்களை மனப்பாடம் செய்யுங்கள். என்ஜினை அணைத்து, சாவியைத் திருப்பி, பிரேக்கை மிதித்துப் பிடித்தால் காற்றழுத்தம் ஒரு நிமிடத்தில் 3 பிஎஸ்ஐக்கு (அழுத்த அலகு) மேல் இறங்கக் கூடாது. பிறகு மிதித்து மிதித்துக் காற்றைக் குறைக்கும்போது 55க்குக் கீழே போகுமுன் எச்சரிக்கை விளக்கும் மணியும் வர வேண்டும். இன்னும் குறைத்தால் 20 முதல் 45க்குள் வண்டியை நிறுத்திவைக்கும் பிரேக்கின் குமிழ் தானாக வெளியே துள்ள வேண்டும். சோதனையைச் செய்து காட்டினால் மட்டும் போதாது, எண்களை வாயாலும் சொல்ல வேண்டும்.

குளிரில் காற்றுத் தொட்டிகளின் ஈரத்தைத் தினமும் வடியுங்கள். அந்த ஈரம் உறைந்தால் வால்வு அடைத்துப் பிரேக் வேலை செய்யாது. டீசலில் மெழுகு கட்டி வடிகட்டி அடைபடும். நவம்பருக்குள் குளிர்காலக் கலவை ஊற்றியாகிவிட்டதா என்று கேளுங்கள். தடம் முடிந்ததும் கடைசி இருக்கை வரை நடந்து ஒவ்வொரு இருக்கையையும் பாருங்கள். தூங்கிப்போன சின்னப் பிள்ளை ஒன்று மைனஸ் 20இல் வண்டிக்குள் விடுபட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வேர்ச்சொல்:
தமிழர்களுக்கு இயல்பாகக் கைவரும் ஒன்று அங்கே இருக்கிறது: உறவுமுறை. அப்பாவின் சகோதரரும் லகோட்டாவில் அப்பாதான். அம்மாவின் சகோதரியும் அம்மாதான். நம் பெரியப்பா, சித்தப்பா, பெரியம்மா, சித்திக்கு நேர். அம்மாவின் சகோதரருக்குத் தனிச்சொல்: லெக்ஷீ, நம் தாய்மாமன். அப்பாவின் சகோதரிக்குத் தனிச்சொல்: துன்வின், நம் அத்தை. பெரியப்பா பிள்ளைகள் உடன்பிறந்தவர்கள். மாமன் அத்தை பிள்ளைகள் வேறு வகை, கேலி பேசும் முறை. ஆனால் நம்மைப் போல அங்கே கட்டிக்கொள்ளும் முறை கிடையாது, அந்தக் கேலியைக் கிளப்பாதீர்கள். வடஅமெரிக்காவின் இரோக்குவா மக்களின் உறவுச்சொற்களுக்கும் தமிழுக்கும் உள்ள இதே போன்ற ஒற்றுமையை மானிடவியலாளர் லூயிஸ் ஹென்றி மார்கன் 1871இலேயே எழுதிவிட்டார். ஒரு வேடிக்கை: 'அத்தே' என்றால் லகோட்டாவில் அப்பா.

வகுப்பில் இது எங்கே உதவும்? ஒரு பிள்ளை ஒரே ஆண்டில் மூன்று முறை "பாட்டி இறந்துவிட்டார்" என்று சொன்னால் அது பொய் இல்லை. பாட்டியின் சகோதரிகளும் உன்ச்சி, அதாவது பாட்டிதான். "அம்மா வந்து அழைத்துப் போவார்" என்று சொல்லிவிட்டு வேறொரு பெண் வந்து நின்றாலும் பிள்ளை ஏமாற்றவில்லை. ஆனாலும் யாரிடம் ஒப்படைக்கலாம் என்ற பட்டியலை அலுவலகத்தில் பார்க்காமல் அனுப்பாதீர்கள்.

மேட்டுப்புல்:
அதைத் தொடர்ந்தே சொல்கிறேன். சாவு வீட்டில் பொதுவாக இரண்டு இரவு விழித்திருப்பார்கள், தியோஷ்பயே என்னும் பெருங்குடும்பம் முழுக்கக் கூடும். பிள்ளை ஒரு வாரம் வராது. வந்ததும் விடுபட்ட பாடத்தை அடுக்கி நீட்டாதீர்கள். மிக அவசியமான இரண்டை மட்டும் கொடுங்கள். துக்கத்தில் முடியை வெட்டிக்கொள்வது வழக்கம். நீள முடிக்காரப் பையன் ஒரு நாள் கிராப்போடு வந்தால் "அழகா இருக்கே" என்று சொல்லிவிடாதீர்கள். முடியைத் தொடுவதும் எந்த நாளும் கூடாது.

பெரியவர் பேசும்போது கண்ணைத் தாழ்த்துவது மரியாதை. "என்னைப் பார்த்துப் பேசு" என்பது அங்கே பிழை. கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து எண்ணுங்கள். பதில் எட்டில் வரும், மூன்றில் வராது. எல்லார் முன்னும் ஒரு பிள்ளையை மட்டும் தூக்கிப் புகழ்ந்தால் அடுத்த நாளிலிருந்து அது வாயே திறக்காது. பாராட்டைத் தாளின் ஓரத்தில் எழுதிக் கொடுங்கள். உங்களைக் கேலி செய்ய ஆரம்பித்தார்கள் என்றால் நெருங்குகிறார்கள் என்று பொருள்.

டிசம்பரில் ராப்பிட் சிட்டியில் லகோட்டா நேஷன் கூடைப்பந்துப் போட்டி நடக்கும், 1977இல் தொடங்கிய போட்டி. அந்த வாரம் தேர்வு வைக்காதீர்கள்.

வேர்ச்சொல்:
மொழி கற்க ஆசையிருந்தால் இரண்டு குறிப்பு. நாம் பேச்சில் "வந்தேன்", "அவன்" என்பதன் கடைசியில் 'ன்' சொல்லாமல் மூக்கில் விடுகிறோமே, லகோட்டாவின் மூக்கு உயிர் அதற்கு மிக நெருக்கம். வினை கடைசியில் வரும் வாக்கிய அமைப்பும் நமக்குப் பழகியதுதான். கவனிக்க வேண்டியது: ஆண் 'ஹௌ' என்பான், பெண் 'ஹாங்' என்பாள். வாக்கிய முடிவுச் சொற்களும் பேசுகிறவர் ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்து மாறும். ஆசிரியை பேசியதை அப்படியே திருப்பிச் சொல்லும் ஆண்கள் பெண்கள் பேச்சைப் பேசுவார்கள். எழுத்துமுறையும் ஒன்றல்ல, உங்கள் பள்ளி எதைப் பயன்படுத்துகிறதோ அதையே பிடியுங்கள்.

வீரமாமுனிவரை அறிந்தவர்களுக்கு இன்னொரு செய்தி: பக்கத்து லகோட்டா நிலமான ரோஸ்பட்டில், 1886இல் தொடங்கிய புனித பிரான்சிஸ் மிஷனில் பணியாற்றிய ஆய்கன் பீக்கலும் இயேசு சபைக் குருதான். 1939இல் லகோட்டா இலக்கணம் வெளியிட்டார். அகராதிக்காகச் சேர்த்த சொற்கள் ஏராளம்.

செபமாலை:
சடங்குகளைப் பற்றி யாரும் எழுதவில்லையே. அங்கே பல குடும்பங்கள் ஞாயிறு திருப்பலிக்கும் வருவார்கள், இனிப்பி என்னும் வியர்வைக் குடிலுக்கும் போவார்கள். 1904இல் திருமுழுக்குப் பெற்று வேதியராக, அதாவது மறைக்கல்வி போதகராக, உழைத்த லகோட்டாப் பெரியவர் நிக்கலஸ் பிளாக் எல்க் இரண்டு வழியையும் அறிந்தவர். அவருக்குப் புனிதர் பட்டம் வழங்குவதற்கான பணியை ராப்பிட் சிட்டி மறைமாவட்டம் 2017இல் தொடங்கியது. ஆகவே அழைத்தால் தயங்காமல் போகலாம் என்பது என் கருத்து.

போகுமுன்: பெண்கள் கணுக்கால் வரை பாவாடை, மாதவிடாய் நாட்களில் போகக் கூடாது. உலோக நகை, மூக்குக்கண்ணாடி, தொலைபேசி வேண்டாம். துண்டு எடுத்துச் செல்லுங்கள். நடத்துகிறவருக்குப் பணம் தராதீர்கள், புகையிலை கொடுங்கள். நான்கு சுற்று. தாங்க முடியாவிட்டால் "மிதாக்குயே ஒயாசின்" என்று சொன்னால் கதவைத் திறப்பார்கள். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வெளியே நெருப்புப் பக்கம் உதவிக்கு நிற்கலாம், அதுவும் மதிப்பான வேலை.

மேட்டுப்புல்:
சகோதரி சொன்ன நெறியெல்லாம் சரி. ஆனால் முதல் அரையாண்டு போகாமல் இருப்பது நல்லது என்பேன். வந்த மூன்றாம் வாரத்தில் பள்ளிக்காரர் ஒருவர் மரியாதைக்கு அழைப்பார், தன்னார்வலர் ஓடிப்போய்விடுவார். அது அவர்கள் குடும்பம் கூடி ஜெபிக்கும் இடம். முதலில் விருந்துகளில் நாற்காலி அடுக்குங்கள், பாத்திரம் கழுவுங்கள். இரண்டாம் முறை அழைத்தால் போங்கள்.

செபமாலை:
இரண்டாம் முறை என்பதை ஏற்கிறேன். அரையாண்டு என்ற கணக்கை ஏற்க முடியவில்லை. குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். படம் எடுக்கக் கூடாது என்பதில் மட்டும் இரண்டு பேச்சே இல்லை. பிள்ளைகளின் படத்தைச் சமூக ஊடகத்தில் போடுவதும் அப்படியே. இடிந்த வீடுகளைப் படமெடுத்துப் போடுவது அதைவிட மோசம்.

அடுப்படி:
விருந்துக்குப் போனால் மூடியுள்ள டப்பாக்கள் இரண்டு கையோடு இருக்கட்டும். மிஞ்சியதை எல்லாரும் வீட்டுக்கு எடுத்துப் போவது வழக்கம், 'வதேச்சா' என்பார்கள். வேண்டாம் என்றால் மனம் வருந்தும். பெரியவர்களுக்கு முதலில் தட்டு கொண்டுபோய்க் கொடுங்கள், நீங்கள் கடைசி. வோஜாப்பி என்னும் பழக்கூழ் உங்களுக்குப் பிடிக்கும். தனிகா என்பது குடல் சூப். நம் ஊர்க் குடல் குழம்பு சாப்பிட்டவர்களுக்குத் தயக்கம் இருக்காது.

மது வீட்டில் ஒரு சொட்டும் வேண்டாம். பைன் ரிட்ஜில் தடை உண்டு. எல்லைக்கு அப்பால் நெப்ராஸ்காவின் வொயிட்கிளேயில் இருந்த பீர் கடைகளும் 2017இல் மூடப்பட்டன.

விசாவாசல்:
மருத்துவக் காப்பீடு இல்லாமல் வராதீர்கள். ஊரில் இருக்கும் அரசு மருத்துவமனை பூர்வகுடி மக்களுக்கானது. மற்றவர்களுக்கு அவசர சிகிச்சை மட்டும். பல்வலிக்குக்கூட வெளியூர்தான், பல்லைச் சரிபார்த்துவிட்டு வாருங்கள். ரோஸ்பட்டில் கூட்டம் என்றால் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே.

வைகைக்கரை:
ஒன்று மட்டும் பாக்கி. பிள்ளைகள் "எப்போது போவீர்கள்?" என்று கேட்பார்களாமே?

மேட்டுப்புல்:
முதல் நாளே கேட்பார்கள். ஆண்டுதோறும் ஆட்கள் வந்து போவதைப் பார்த்த பிள்ளைகள். "தெரியவில்லை", "பார்க்கலாம்" என்று சொல்லாதீர்கள். "மே மாதம் வரை" என்று நேராகச் சொல்லுங்கள். முடிந்தால் இரண்டாம் ஆண்டுக்கு இப்போதே யோசியுங்கள். முதல் ஆண்டு முழுக்க நீங்கள் கற்கும் ஆண்டுதான்.

லகோட்டாவில் விடைபெறும் சொல் கிடையாது. 'தோக்ஷா அகே' என்பார்கள், பிறகு மறுபடியும் என்று பொருள். நம் "போயிட்டு வரேன்" மாதிரி. திரும்பி வருவேன் என்று தேதி சொல்லி வராமல் இருப்பதுதான் புண்படுத்தும். ஆகவே திரும்பி வரும் தேதி தராதீர்கள், கடிதம் எழுதுவேன் என்று சொன்னால் எழுதுங்கள்.

ஏர்பிரேக்:
மார்ச்சிலேயே ஒரு நோட்டு தொடங்குங்கள் தம்பி. எந்தத் தடத்தில் எந்த வளைவில் பனி குவியும், எந்த வீட்டு நாய் வண்டியைத் துரத்தும், எந்தப் பிள்ளை பாட்டி வீட்டில் ஏறி அத்தை வீட்டில் இறங்கும், எந்தக் கால்நடைத் தடுப்பைத் தாண்டினால் பேருந்தைத் திருப்ப இடம் கிடைக்கும், எல்லாம் அதில் இருக்கட்டும். ஆகஸ்டில் வரும் அடுத்த ஓட்டுநரிடம் சாவியோடு அதையும் கொடுக்கச் சொல்லி அலுவலகத்தில் வையுங்கள். பிள்ளைகளின் பெயர் இருப்பதால் வண்டியிலேயே விட்டுவிடக் கூடாது.